பழைய ஆட்டம் எதற்கு என்பவர்களுக்கு

“ஆனந்த் ஆட்டமெல்லாம் எதுக்கு சார்? எஞ்சினைப் போட்டா அவர் எங்க தப்பு பண்ணினார்னு ரெண்டு செகண்டுல சொல்லிடுமே.”

புனேயின் கராடியில் எங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் செஸ் ஆட வருவார்கள். நானும் ஒரு பழைய போர்டை எடுத்துக்கொண்டு போய் உட்காருவேன். மேலே உள்ள கேள்வியைக் கேட்டவர் ஒரு பையனின் அப்பா. ஐடி பார்க்கில் வேலை, நல்ல மனிதர், தமிழர். அவர் ஒருவர் மட்டும் கேட்டிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பேன். மராத்தியிலும் இந்தியிலும் இதே கேள்வி என் காதில் விழுந்துவிட்டது. ஒரு பயிற்சியாளர் வாயிலிருந்தே கேட்டேன். இன்று செஸ் கற்கும் வீடுகளில் பாதிக்கு மேல் இதுதான் சித்தாந்தம் என்று தோன்றுகிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் கட்சியை அவர்கள் சொல்வது போலவே சொல்லிவிடுகிறேன். 1997இல் டீப் ப்ளூ கணினி காஸ்பரோவைத் தோற்கடித்தது. 2006இல் உலக சாம்பியனாக இருந்த கிராம்னிக் டீப் ஃப்ரிட்ஸிடம் தோற்றார். இன்று ஸ்டாக்ஃபிஷ் எஞ்சின் ஒரு கைபேசியில் இலவசமாக ஓடுகிறது, அதை வெல்லும் மனிதன் பூமியில் இல்லை. அப்படியிருக்க, தவறு செய்யக்கூடிய ஒரு மனிதன் முப்பது வருடத்துக்கு முன் ஆடியதைப் பிள்ளை ஏன் உட்கார்ந்து பார்க்க வேண்டும்? அவர் ஆடிய ஓப்பனிங்குகளில் பாதி காலாவதி. பிள்ளை தோற்பது ஸ்ட்ராட்டஜி தெரியாமல் இல்லை, குதிரையைச் சும்மா விட்டுவிட்டுத் தோற்கிறது; பஸில் போட்டால் அது சரியாகிவிடும். ஆனந்த் பிறவி மேதை, அவரைப் பார்த்து யாரும் ஆனந்த் ஆக முடியாது. கடைசியாக, குகேஷும் பிரக்ஞானந்தாவும் கணினித் தலைமுறை. அவர்கள் வழியே நம் வழி.

இதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. பஸில் வேண்டும் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சிறுவன் ஆனந்தே மணிலாவில் இருந்தபோது தொலைக்காட்சி செஸ் புதிர் நிகழ்ச்சியில் அடுக்கடுக்காகப் பரிசு வாங்கி, வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு இனிமேல் விடை அனுப்பாதே என்று அவர்களே சொல்லும் நிலைக்குப் போனவர். எஞ்சினும் வேண்டும், சரிபார்க்க. ஆனால் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ‘ஆகவே ஒரு கிராண்ட்மாஸ்டரின் ஆட்டங்கள் வேண்டாம்’ என்ற முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. எஞ்சின் விடை சொல்கிறது. கேள்வியை யார் சொல்வது?

2012 மே, மாஸ்கோ. உலக சாம்பியன்ஷிப்பின் ஏழாவது ஆட்டத்தில் ஆனந்த் கெல்ஃபண்டிடம் தோற்றார். மறுநாளே எட்டாவது ஆட்டம், ஆனந்துக்கு வெள்ளை. முந்தைய நாள் அடி வாங்கியவர் பதுங்கவில்லை. மூன்றாவது நகர்த்தலிலேயே எஃப் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளி ஆட்டத்தைக் கரடுமுரடாக்கினார். பதினான்காவது நகர்த்தலில் கெல்ஃபண்ட் தன் ராணியை எஃப்6க்குக் கொண்டுவந்தார். எஞ்சினில் இந்த இடத்தைப் போட்டால் கோடு வெள்ளைப் பக்கம் எகிறும், பிள்ளை “ஓ, பிளண்டர்” என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகும். கற்றுக்கொண்டது என்ன? ஒன்றுமில்லை.

போர்டில் வைத்துப் பாருங்கள். கறுப்புக் குதிரை எச்5இல் வெள்ளைச் சிப்பாயின் வாயில் நிற்கிறது. கெல்ஃபண்ட் அதை வெட்டு என்றே விடுகிறார். ஏன்? வெட்டினால் ராணி எஃப்3 சிப்பாயை எடுத்து ராஜாவுக்கு செக் கொடுக்கும். அதே அடியில் மூலையிலுள்ள யானையும் மாட்டும். ராஜா சி2க்கு ஒதுங்கும், ராணி யானையை எடுக்கும். கணக்கு சரி. ஒரு குதிரைக்கு ஒரு யானையும் ஒரு சிப்பாயும். நானும் நீங்களும் அங்கே இருந்திருந்தால் இதையேதான் ஆடியிருப்போம், குதூகலத்தோடு. அப்போது ஆனந்த் பதினேழாவது நகர்த்தலாகத் தன் ராணியை டி2இலிருந்து எஃப்2க்கு நகர்த்தினார். செக் இல்லை, எதையும் வெட்டவில்லை. எச்1 மூலையில் உட்கார்ந்திருக்கும் கறுப்பு ராணிக்கு வெளியே வர வழியில்லை, அவ்வளவுதான். அடுத்து பிஷப் டி3க்கு விலகினால் பி1 யானையின் நேர்க்கோட்டில் ராணி மாட்டும். கெல்ஃபண்ட் கைகொடுத்துவிட்டார். உலக சாம்பியன்ஷிப் வரலாற்றில் வெற்றி தோல்வியில் முடிந்த மிகக் குறுகிய ஆட்டம் அது.

இதிலிருந்து பிள்ளை எடுத்துக்கொள்வது: கணக்கை எங்கே நிறுத்துகிறோம் என்பது. ‘யானை கிடைத்தது’ என்ற இடத்தில் கெல்ஃபண்ட் போன்ற ஒருவரே நிறுத்திவிட்டார். எதிராளியின் அமைதியான ஒரு நகர்த்தல் அதற்கடுத்து இருந்தது. எஞ்சினுக்கு இந்தச் சிக்கலே கிடையாது, அது எங்கேயும் நிறுத்துவதில்லை. ஆசைப்படத் தெரியாத ஒன்று ஆசையில் மாட்டுவது எப்படி என்று எப்படிக் கற்பிக்கும்?

2. “தவறுகள் நிறைந்த ஆட்டங்கள்” என்கிறார்கள். அதனால்தானே பார்க்கச் சொல்கிறேன்!

2014, சோச்சி, உலக சாம்பியன்ஷிப்பின் ஆறாவது ஆட்டம். கார்ல்சன் தன் இருபத்தாறாவது நகர்த்தலில் ராஜாவை டி2இல் வைத்தார். பெருந்தவறு. குதிரையால் இ5 சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டம் ஆனந்தின் பக்கம் சாய்ந்திருக்கும். ஆனந்த் அதைப் பார்க்கவே இல்லை; ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார், பிறகு அந்த ஆட்டத்தையே தோற்றார். உலகம் முழுக்கக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த பத்து வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் அந்த வெட்டு தெரிந்தது. போர்டின் முன் உட்கார்ந்திருந்த உலகின் இரு பெரும் தலைகளில் ஒருவர் செய்துவிட்டு அப்புறம் பார்த்தார், இன்னொருவர் பார்க்கவில்லை.

எஞ்சின் கட்சிக்காரர் இதைக் காட்டி “பார்த்தீர்களா” என்பார். நான் இதைக் காட்டித்தான் பிள்ளைகளிடம் கேட்கிறேன்: ஏன் தெரியவில்லை? என் யூகம் எளிமையானது. கார்ல்சன் இப்படித் தவறமாட்டார் என்ற நம்பிக்கையில் ஆனந்தின் கண் தன் திட்டத்தின் மேல் இருந்தது. எங்கள் கிளப் ஹவுஸில் ரேட்டிங் அதிகமான பையனோடு ஆடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாராவாரம் நடப்பது இதேதான். எதிராளி பெரிய ஆள், சும்மா வைத்திருக்க மாட்டான் என்று நினைத்து இலவசமாகக் கிடக்கும் சிப்பாயை எடுக்காமல் விடுவார்கள். இந்த நோய்க்கு எந்த பஸிலும் மருந்தாகாது. காரணம், பஸில் என்றாலே ‘இங்கே ஏதோ இருக்கிறது’ என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறது. நிஜ ஆட்டத்தில் அப்படி யாரும் மணியடித்துச் சொல்வதில்லை.

3. ஒற்றை ஆட்டம் காட்டாததை ஒரு வாழ்க்கை காட்டும்.

நான் சொல்ல வந்ததன் முக்கியப் பகுதி இதுதான். ‘சிறந்த நூறு ஆட்டங்கள்’ என்று பொறுக்கி எடுத்த தொகுப்பைப் பார்ப்பதும் ஒருவரை ஆரம்பத்திலிருந்து பின்தொடர்வதும் வேறு வேறு வேலைகள். முன்னதில் அழகு கிடைக்கும். ஸ்ட்ராட்டஜி பின்னதில்தான் கிடைக்கும்.

1995 செப்டம்பர், நியூயார்க், வேர்ல்ட் டிரேட் சென்டரின் 107வது மாடி. (கராடியிலும் ஒரு வேர்ல்ட் டிரேட் சென்டர் உண்டு. நம் பெற்றோர்களில் சிலருக்கு அங்கேதான் வேலை. பெயர் மட்டும்தான் ஒன்று.) காஸ்பரோவுடனான உலக சாம்பியன்ஷிப் மோதலில் முதல் எட்டு ஆட்டங்களும் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் ஜெயித்தார். பத்தாவதில் காஸ்பரோவ் ஸ்பானிஷ் ஓப்பனிங்கில் வீட்டிலிருந்து தயாரித்துக்கொண்டு வந்த ஒரு யானைத் தியாகத்தை இறக்கினார். ஆனந்த் மணிக்கணக்கில் யோசித்துத் தேடவேண்டியதை எதிரில் இருந்தவர் ஏற்கெனவே வீட்டில் தேடி முடித்துவிட்டார். பதினொன்றாவதில் காஸ்பரோவ் கறுப்பில் டிராகன் ஓப்பனிங்கை எடுத்தார், அதுவும் எதிர்பாராதது. அடுத்து பதின்மூன்று, பதினான்கு. ஐந்து ஆட்டங்களில் நான்கு தோல்வி. 10.5–7.5 என்று முடிந்தது.

இப்போது 2008 உலக சாம்பியன்ஷிப், பான் நகரம். எதிரில் கிராம்னிக். ஆனந்த் வாழ்நாள் முழுக்க ராஜா சிப்பாயைத் தள்ளி ஆட்டம் தொடங்குபவர் என்று பெயரெடுத்தவர். இந்த மோதலில் ராணிச் சிப்பாயைத் தள்ளினார். மூன்றாவது ஆட்டத்தில் கறுப்பில் மெரான் வகையில் கூர்மையான ஒரு வழியைக் காட்டி ஜெயித்தார். கிராம்னிக் அடுத்த வெள்ளையில், ஐந்தாவது ஆட்டத்தில், மீண்டும் அதே வழிக்குள் வந்தார். ஆனந்த் மீண்டும் ஜெயித்தார். ஆறாவதில் வெள்ளையிலும் ஜெயித்தார். 6.5–4.5.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 1995இல் தனக்கு நேர்ந்ததை 2008இல் ஆனந்த் இன்னொருவருக்கு நேரவைத்தார் என்றுதான் நான் படிக்கிறேன். பதின்மூன்று வருடம் ஆயிற்று. மோதலின் ஸ்ட்ராட்டஜி என்பது எந்தச் சிப்பாயை எங்கே வைப்பது என்பதோடு முடிவதில்லை, எதிராளிக்குப் பழக்கமில்லாத மைதானத்தை யார் தேர்ந்தெடுப்பது என்பதும் சேர்ந்தது. இதை எந்த எஞ்சின் எந்த எண்ணால் சொல்லும்? எஞ்சினைக் கேட்டால் முதல் நகர்த்தலில் ராஜா சிப்பாயும் ராணிச் சிப்பாயும் ஏறத்தாழ ஒன்றே என்று காட்டும். கிராம்னிக்கை எதிரில் உட்காரவைத்துப் பார்த்தால் ஒன்றே இல்லை.

இந்த இடத்தில் என் கட்சிக்காரர்களையும் ஒரு குட்டு குட்ட வேண்டியிருக்கிறது. ஆனந்த் பெயரைச் சொல்லும் பல பயிற்சி அறைகளில் அவர் சுவரில் ஒட்டிய படமாகத்தான் இருக்கிறார். 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானம் பறக்காமல், உலக சாம்பியன்ஷிப் ஆட ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து சோஃபியாவுக்கு நாற்பது மணிநேரம் காரில் போனார் என்ற கதையை எல்லோரும் சொல்வார்கள். தன்னம்பிக்கைப் பேச்சுக்கு நல்ல சரக்கு. அங்கே போய் முதல் ஆட்டத்திலேயே தயாரித்த வரிசையைக் குழப்பிக்கொண்டு, ராஜாவைத் தவறாக நகர்த்தி, முப்பது நகர்த்தலில் டோபலோவிடம் தோற்றார் என்பதைச் சொல்ல மாட்டார்கள். கடைசி, பன்னிரண்டாவது ஆட்டத்தில் டோபலோவ்தான் வலியப் போய்த் தன் ராஜாவைச் சுற்றியிருந்த கதவுகளைத் திறந்துகொண்டார், கறுப்பில் ஆடிய ஆனந்த் உள்ளே நுழைந்தார் என்பதையும் சொல்ல மாட்டார்கள். டைபிரேக்கர் விரைவாட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போக டோபலோவுக்கு விருப்பமில்லை என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. டிராவை மறுப்பதன் விலை என்ன என்று கற்பதற்கு அதைவிட நல்ல ஆட்டம் எனக்குத் தெரியாது. படத்தைக் கழற்றிவிட்டு ஸ்கோர்ஷீட்டை வையுங்கள்.

4. ஓப்பனிங் காலாவதியாகும். திட்டம் ஆகாது.

1907இல் இன்றைய போலந்தின் லோட்ஸ் நகரில் ரோட்லெவி என்பவருக்கு எதிராக ரூபின்ஸ்டைன் கறுப்பில் ஒரு ஆட்டம் ஆடினார். ராணிப் பக்கம் நின்ற இரண்டு பிஷப்புகளும் அடுத்தடுத்த மூலைவிட்டங்களில் வெள்ளை ராஜாவைக் குறிவைக்க, ராணியைத் தூக்கிக் கொடுத்து முடித்தார். 2013இல் வைக் ஆன் ஸேயில் ஆனந்த் கறுப்பு, ஆரோனியன் வெள்ளை. ஆரோனியனின் குதிரை எச்7இல் சிப்பாயைத் தின்றுகொண்டு நிற்கிறது. அதை வெட்டாமல் ஆனந்த் தன் குதிரையை ஜி4க்குப் பாய்ச்சினார். பிறகு பிஷப்பை வெட்டுக்கு வைத்தார், இன்னொரு குதிரையையும் இ5இல் வெட்டுக்கு வைத்தார், யானை போவதைச் சட்டை செய்யவில்லை. இரண்டு பிஷப்புகளும் அதே மூலைவிட்டங்களில், அதே ராஜா வீட்டை நோக்கி. இருபத்து மூன்றாவது நகர்த்தலோடு ஆரோனியன் விட்டுக்கொடுத்தார். பார்த்தவர்களுக்கெல்லாம் ரூபின்ஸ்டைன் ஞாபகம் வந்தது. நடுவில் 106 வருடம்.

ஆனந்த் தரப்பின் அந்தத் தயாரிப்பில் கணினிக்குப் பங்கு இருந்தது, மறைக்கத் தேவையில்லை. ஆனால் எங்கே கணினியைக் கேட்பது என்று தெரிய, ‘இந்த மாதிரி இடத்தில் ஏதோ இருக்க வேண்டும்’ என்ற மோப்பம் முன்னால் வேண்டும். அந்த மோப்பம் பழைய ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்து வருவது. நம் பாட்டிகள் உப்புப் போடுவது மாதிரி.

5. “மேதையைப் பார்த்து மேதையாக முடியாது.” யார் ஆகச் சொன்னது?

இதற்கு அதிகம் பேச வேண்டியதில்லை. வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகள் ஆனந்தை ஏற்கெனவே காப்பியடிக்கிறார்கள், அதுவும் தப்பான விஷயத்தில். இளம் ஆனந்த் மின்னல் வேகத்தில் ஆடுவார். அவருக்கே அது சில ஆட்டங்களைப் பறித்திருக்கிறது. நம் பிள்ளைகள் ஒரு நிமிட புல்லட் ஆட்டத்தில் அந்த வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 1991இல் கார்ப்போவிடம் கேண்டிடேட்ஸில் 4.5–3.5 என்று தோற்று, 1998இல் லோசானில் அவரிடமே மறுபடி தோற்று, 2000இல் டெஹ்ரானில் ஷிரோவை 3.5–0.5 என்று வீழ்த்தி முதல் முறை உலக சாம்பியன் ஆகும்வரை அந்த வேகத்துக்கு அவர் எங்கெங்கே கடிவாளம் போட்டார் என்று பார்க்கலாமே. அதற்கு மேதைமை வேண்டாம், பொறுமை போதும். 48 வயதில், 2017 டிசம்பரில், ரியாதில் ரேபிட் உலக சாம்பியன் ஆனார். வேகம் தீரவில்லை, எப்போது வேண்டும் என்பது தெரிந்திருந்தது.

6. “குகேஷ் தலைமுறை எஞ்சினில் வளர்ந்தது.” இது வாதமே இல்லை, தகவல் பிழை.

குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ரேட்டிங் 2500ஐ நெருங்கும்வரை அவரை எஞ்சின் பக்கமே விடவில்லை என்பது பலமுறை வெளியில் பேசப்பட்ட விஷயம். எண்ணிப் பாருங்கள்: கிராண்ட்மாஸ்டர் ஆகும் அளவுக்குச் சொந்த மூளையால் போ, பிறகு பெட்டியைத் திற என்றிருக்கிறார் ஒருவர். நாம் என்னடாவென்றால் 1100 ரேட்டிங் பிள்ளையிடம் ஆட்டம் முடிந்த மறுநிமிடம் பெட்டியைத் திறந்து காட்டுகிறோம். பின்னாளில் குகேஷுக்குத் துணையாக வந்த கஜேவ்ஸ்கி, ஆனந்திடம் உதவியாளராக இருந்தவர். ஆனந்தே 2020இன் இறுதியில் தொடங்கிய அகாடமியில் குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி எல்லோரும் உட்கார்ந்தார்கள். அங்கே போனது கூடுதல் சர்வர் வாங்கவா?

இன்னொன்று. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், பதினான்காவது ஆட்டம். குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். இரு பக்கமும் ஒரு யானை, ஒரு பிஷப். எஞ்சின் சொன்னது: டிரா. பார்த்தவர்களும் டிரா என்றார்கள். குகேஷ் எழுந்து போகாமல் ஆடிக்கொண்டே இருந்தார். ஐம்பத்தைந்தாவது நகர்த்தலில் டிங் லிரன் யானையை எஃப்2இல் வைத்து யானை மாற்றத்துக்கு வழிவிட்டார். அவருடைய பிஷப் மூலையில் மாட்டிக்கொண்டிருந்தது. குகேஷ் அதையும் மாற்றவைத்தார். சிப்பாய்கள் மட்டும் மிஞ்சிய இடத்தில் அந்த ஒரு சிப்பாய் உலகப் பட்டமாயிற்று. எங்கள் கிளப் ஹவுஸில் “0.00 சார், டிரா” என்று கைகொடுத்துவிட்டு சமோசா சாப்பிடப் போகும் பிள்ளைகளை நினைத்துக்கொள்வேன்.

புனேயில் இருந்துகொண்டு இதைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் ஆச்சரியம். இந்த ஊர்க்காரர் அபிஜித் குண்டே. 2000இலேயே கிராண்ட்மாஸ்டர் ஆனவர், 2024 புடாபெஸ்ட் ஒலிம்பியாடில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியின் கேப்டன். 2025 ஏப்ரலில் இதே ஊரில் பெண்கள் கிராண்ட் ப்ரீ நடந்தது, ஹம்பி வென்றார். ஆனந்த் தூரம் என்றால் குண்டேயை எடுத்துக்கொள்ளுங்கள், ஹம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரை எடுத்து, ஜெயித்ததையும் தோற்றதையும் வரிசையாக. மராத்தியில் இந்த ஆட்டத்துக்கே ‘புத்திபள்’ என்றுதான் பெயர், புத்தி பலம். நம் பிள்ளைகளின் புத்தியை வாடகைக்கு எடுத்த புத்தியிடம் ஒப்படைப்பதற்கு இந்த ஊர் பொருத்தமே இல்லை.

7. விளைவு.

எஞ்சினோடு மட்டும் வளரும் பிள்ளை ஆட்டம் முடிந்ததும் கேட்கும் முதல் கேள்வி “என்ன காட்டுது?” என்பது. தான் என்ன நினைத்தோம் என்பது அதற்குள் மறந்துவிடும், நிமிடத்துக்குள். தோற்ற பிள்ளை அழுகிறது, அப்பா கைபேசியில் சிவப்புக் குறிகளை எண்ணுகிறார்: ஆறு பிளண்டர். ஒவ்வொன்றின் போதும் பிள்ளையின் மனதில் ஒரு காரணம் இருந்தது. ஆறு காரணங்கள். அவற்றை யாரும் கேட்கவில்லை. காரணத்தைத் திருத்தாமல் நகர்த்தலைத் திருத்தினால், அதே காரணம் அடுத்த வாரம் வேறு கட்டத்தில் வந்து நிற்கும்.

நான் செய்வது ரொம்பச் சின்ன வேலை. ஒரு ஆட்டத்தின் நகர்த்தல்களை எழுதிய தாளைக் கொடுத்து, கீழ்ப்பகுதியை ஒரு அட்டையால் மூடச் சொல்வேன். ஒவ்வொரு வரியாக அட்டையை இறக்க வேண்டும். இறக்குமுன் தன் நகர்த்தலையும் காரணத்தையும் நோட்டில் எழுத வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு நாற்பது நிமிடம். கைபேசி மேசை மேல் கவிழ்ந்து கிடக்கும்.

அந்த அப்பாவின் பையனுக்கு ஒன்பது வயது. போன வாரம் மாஸ்கோ எட்டாவது ஆட்டத்தைக் கொடுத்தேன். பதினாறாவது நகர்த்தலில் கறுப்புக்காக “ராணி யானையை எடுக்கும்” என்று எழுதி, பக்கத்தில் காரணமாக “ஃப்ரீ” என்று எழுதினான். அட்டையை இறக்கினான். ராணி எஃப்2. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மூலையில் நின்ற கறுப்பு ராணியை ஒவ்வொரு கட்டமாக விரலால் நகர்த்திப் பார்த்தான். ஜி2, வெட்டு. எஃப்3, வெட்டு. இ4, குதிரை வெட்டு. டி5, வெட்டு. கைபேசியை எடுக்கப்போகிறான் என்று நினைத்தேன். நோட்டில் “ஃப்ரீ” என்பதை அடித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“அங்கிள், எடுக்காம விட்டிருந்தா என்ன ஆடியிருக்கலாம்?”

கிளப் ஹவுஸைப் பூட்ட காவலாளி வந்துவிட்டார். போர்டை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே திண்ணையில் வைத்தோம்.